பதினோரு வீட்டு எண்ணெய்

எங்கள் தெருவில் மேற்கு வரிசைக்கு ஒரு நாள் கழிந்தால் கிழக்கு வரிசைக்கு மூன்று நாள் கழிந்த காலம் ஒன்று இருந்தது, நாற்பத்தொரு நாள் இருந்தது, வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாயைப் பிளக்கிறார்கள், ஆனால் அங்கே குடியிருந்த எங்களுக்கு அது குழாயில் தண்ணீர் வராதது மாதிரி, நாய் ஓயாமல் குரைப்பது மாதிரி ஒரு தொல்லை, அவ்வளவுதான். அந்தத் தொல்லையைத் தீர்க்க வேண்டிய ஆம்பளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்த எண்ணெய் உசத்தி என்று நாற்பத்தொரு நாளும் பேசிக்கொண்டே இருந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம்.

சங்ககிரிக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களாகவே குடியிருக்கிற தெரு எங்களுடையது. வரிசைக்கு ஆறு வீடு, மொத்தம் பன்னிரண்டு, அதில் பதினோரு வீட்டுக்குச் சொந்த லாரி இருந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் மயில்சாமி ஒன்பது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டுப் போன புரட்டாசியில்தான் ஒரு பழைய ஆறு சக்கர வண்டியைத் தன் பேருக்கு வாங்கினார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வண்டி வாங்கியவர் முதல் ஆயுத பூஜை கும்பிடும்போது மற்ற வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஓர் உழக்கு எண்ணெய், தங்கள் வண்டிக்கு ஊற்றுகிற அதே எண்ணெய், சீர் மாதிரிக் கொண்டுவந்து அந்த வண்டியின் கிரவுனில் ஊற்றுவார்கள். கிரவுன் என்றால் பின் அச்சின் நடுவில் பானை மாதிரிப் புடைத்துக்கொண்டு இருக்குமே, அது, அதற்குள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிச் சுற்றும். முன்பெல்லாம் எல்லோரும் ஒரே கடையில் ஒரே எண்ணெய் வாங்கினார்கள், வழக்கம் தாங்கியது. இப்போது ஆளுக்கொரு கட்சி. ஒருவர் தேன் மாதிரிக் கெட்டி, ஒருவர் மோர் மாதிரித் தண்ணி, ஒருவர் சிவப்பு, ஒருவர் பச்சை, பதினோரு உழக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போனது, நான் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பும்போது கிரவுனுக்குள்ளிருந்து, கடப்பாறையை விழுங்கியவன் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது, அவர் பயந்துபோய் அப்படியே பின்னால் எடுத்துவந்து தெரு நடுவில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் மத்தியில் நிறுத்தினார். கிழக்கு வரிசையில் இருக்கிற அந்த எதிர்வீடு அவருடைய அக்கா தெய்வானை நங்கையா வீடு. இரண்டு வீட்டுப் படியிலும் ஒரே நேரத்தில் வைத்த காபி, எங்கள் பக்கம் ஆவி பறந்துகொண்டிருந்தது, நங்கையா பக்கம் ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஃபிட்டர் அருணகிரி வந்தார், வண்டிக்கு அடியில் படுத்தார், ஒரு சொட்டு எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து முகர்ந்து பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வளைவுல திரும்பறப்ப உள்பக்கச் சக்கரம் மெதுவாச் சுத்தோணும், வெளிப்பக்கம் வேகமாச் சுத்தோணும். அதைப் பிரிச்சுக் குடுக்கறதுதான் கிரவுனோட சோலி. இந்தக் கதம்பம் அதுக்கு ஒத்துக்கல. பிரிச்சதைச் சேக்காம நிக்குது, அதான் தெருவும் இப்படி நிக்குது. அத்தனையும் எறக்கிப்போட்டுச் சரியான எண்ணெயை ஊத்துனாத் தீந்துது. அது வரைக்கும் வண்டியை நகத்தாதீங்க, பல்லு போயிரும்."

இவ்வளவுதான் விஷயம். காரணமும் தெரிந்துவிட்டது, வழியும் தெரிந்துவிட்டது. ஒரு மணி நேர வேலை.

ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு கஷ்டம் வந்தால் அதைத் தீர்ப்பதைவிட அதோடு குடித்தனம் பண்ணுவது சுலபமாக இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் மேற்கு வரிசைப் பெண்கள் தோசை மாவைக் கரைத்துக் கிழக்கு வரிசைக்குக் கொடுத்தனுப்பினார்கள், மத்தியானத்துக்குள் பொங்கி வந்தது. கிழக்கு வரிசைக்காரர்கள் பாலையும் பூவையும் மீனையும் எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள், கெடாமல் இருந்தது, என் வீட்டுத் திண்டில் மட்டும் ஆறு வீட்டுப் பால் சொம்பு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போனார்கள். ஒரே சூரியனுக்குக் கீழே கிழக்கு வரிசைக்காரர்கள் மூன்று முறை தூங்கி எழுந்து ஒன்பது வேளை சாப்பிட்டார்கள், ரேஷன் கடையில் போய் எங்களுக்கு மாதம் முடிந்துபோச்சு என்று சண்டை போட்டார்கள், கடைக்காரர் காலண்டரைக் காட்டினார், இவர்கள் வயிற்றைக் காட்டினார்கள். எதிரும் புதிருமாகப் பெண் பேசி முடித்திருந்த ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட வயது கூடிவிடும் என்று பயந்து, சித்திரையில் வைத்த கல்யாணத்தைக் கார்த்திகைக்கே முன்னுக்கு இழுத்தார்கள். மேற்கிலிருந்து பேசினால் கிழக்கே அது ஜவ்வு மாதிரி இழுத்துக் கேட்டது, கிழக்கிலிருந்து பேசினால் எங்களுக்குக் கோழி கொக்கரிப்பது மாதிரி இருந்தது, அதனால் வசவு யாருக்கும் புரியாமல் குழாயடிச் சண்டை நின்றுபோனது, அதையும் ஒரு நன்மையாகவே பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் பக்கம் மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தலை சுற்றி வாந்தி வரும், குழந்தைகளுக்கு மட்டும் ஒன்றும் செய்யாது.

குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் செய்தது.

எங்கள் வரிசைக் கடைசியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கொட்டகையில் நான் வேலைக்குப் போகிறேன். கோணி ஊசியும் பசையுமாகக் கிடக்கும் இடம், குழந்தையை விட முடியாது, அதனால் என் மகள் நிவிதாவை, எட்டு மாதம், காலையில் நங்கையாவிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்துவருவேன். ஆயுத பூஜைக்குப் பிறகு நான் ஒரு தார்ப்பாய்க்கு விளிம்பு தைத்து முடித்துவிட்டுப் போனால் அவளுக்கு முழுசாக ஒரு நாள் போயிருக்கும். தூக்கிக்கொண்டு வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் அவளுக்கு மூன்று முறை பசித்தது. அந்தப் பக்கத்து வேகம் உடம்பில் ஏறிவிட்டது, இங்கே வைத்துக்கொண்டால் அழுதே நீலம் பாரித்தாள், தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினால் நங்கையா வாசற்படியில் கால் வைத்ததும் சிரித்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து அங்கேயே தூங்கவும் விட்டுவிட்டேன். நான் தலை சுற்றுகிற வரைக்கும் அவளோடு இருந்துவிட்டு, ஓங்கரித்துக்கொண்டு திரும்பி வருவேன். பல் வந்ததை நான் பார்க்கவில்லை. என் பால் அவளுக்கு மறந்துபோனதும் ஒரு நாளில்தான், எனக்கு ஒரு நாள், அவளுக்கு எத்தனையோ. ரவிக்கை நனைந்து ஈரத்தோடு தார்ப்பாய் தைத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில் கிழக்கு வரிசை முனையில் இருக்கிற டீக்கடையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

"நூத்தி நாப்பதுதான்" என்று எண்ணெயின் கெட்டி நம்பரைச் சொல்வார் சின்னப்பன் மாமா. அசாம் வரைக்கும் லாரி ஓட்டியவர், அதனால் எதைப் பேசினாலும் அசாமில் தொடங்குவார். "அசாம் மலையில நான் ஊத்துனது நூத்தி நாப்பது. கையில தொட்டா நூல் இழுக்கோணும். அதுதான் எண்ணெய்."

"அது எண்ணெய் இல்லீங் மாமா, களி. கரண்டி வெச்சுத்தான் ஊத்தோணும்" என்பான் பால் டேங்கர் வைத்திருக்கிற சதீசு. "கியர் பெட்டிக்கு ஊத்தறதையே கிரவுனுக்கும் ஊத்துங்க, தீந்துது சோலி. எல்லாம் ஒரே எண்ணெய்தான், டப்பாதான் வேற."

"உன்ர வண்டி கியர் பெட்டி சந்தைக்கடை மாதிரி எரையறது சங்ககிரி மலை வரைக்கும் கேக்குது, நீ எண்ணெய் சொல்றியாடா?"

"உங்க வண்டி எரையறதே இல்லீங் மாமா. ஏன்னா ஓடறதே இல்லை."

சிரிப்பார்கள். இன்னொரு டீ சொல்வார்கள். கிழக்கு வரிசைக்காரனுக்கு அந்தப் பேச்சு மூன்று நாளாக நடக்கும், எங்கள் வரிசைக்காரர்கள் தலை சுற்றினால் எழுந்து வந்து, தெளிந்ததும் மறுபடியும் போய் உட்காருவார்கள். ஃபிட்டர் அருணகிரி ஒருவர்தான், "வண்டிக்கு வண்டி மாறுமுங்க, கம்பெனி என்ன சொல்லியிருக்கோ அதைத்தான் ஊத்தோணும். வண்டியோட வந்த புஸ்தகத்தைக் குடுங்க" என்பார். புத்தகத்தை வண்டியின் பழைய சொந்தக்காரர் தொலைத்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்து மறுபடியும் அசாமில் தொடங்கும்.

நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, முதல்ல அதை எறக்கியாவது விடுங்க."

"எறக்கறதா? பதினோரு ஊட்டுக்காரரும் ஆசையா ஊத்துன எண்ணெய் கலாமணி. அதைத் தரையில ஊத்துனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. நாளைக்கு நடுரோட்டுல வண்டி நின்னா ஆரு வருவா?" என்றார். நல்ல மனுசன். யார் மனதையும் நோகடிக்காமல் பெண்டாட்டி மனதில் மட்டும் கல்லைக் கட்டுகிற நல்ல மனுசன்.

இதில் எனக்கு இன்னொரு வேதனை இருந்தது. எந்த எண்ணெய் என்று எனக்குத் தெரியும். அஞ்சாவதோடு நின்றவள் நான், ஆனால் எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும், பஸ் போர்டு, கடலை மடித்த காகிதம், மருந்துச் சீட்டு, எதுவானாலும் கூட்டிக் கூட்டிப் படிக்காமல் விடமாட்டேன். வண்டி வந்த அன்றைக்கு டிரைவர் பக்கக் கதவின் உள்புறம் சாமி படம் ஒட்டச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது, வண்டியின் படம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் அம்புக்குறி போட்டு, என்ன எண்ணெய் என்று இங்கிலீசில் எழுதிய தாள். பின் அச்சுக்கு நேராக இருந்ததைக் கூட்டிப் படித்தேன். எண்பது, டபிள்யூ, தொண்ணூறு. அடியில் ஜி, எல், அஞ்சு. படித்துவிட்டு அதன் மேலேயே மைதாப் பசையைத் தடவி முருகன் படத்தை ஒட்டியவளும் நான்தான்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் பெரியவர்கள் முடிவு பண்ணட்டும் என்பார். ஆம்பளைகள் கூட்டத்துக்குள் போக வெட்கம், அதனால் எங்கள் வாசலில் நின்றுகொண்டு டீக்கடையைப் பார்த்து "ஏனுங்க" என்று தொடங்கினேன். அது கிழக்கே போய்ச் சேரும்போது "ஏஏஏனுஉஉங்ங்" என்று இழுத்திருக்கும், மெதுவான குரல் வேறு. நான் எண்பது என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் டீ குடித்து, டம்ளரை வைத்து, எழுந்து போய்விட்டார்கள். இரண்டு முறை இப்படி ஆனது. மூன்றாவது முறை எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது, உள்ளே போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

நாற்பதாவது நாள் சாயங்காலம் நங்கையா வீட்டுக்குப் போனேன். நிவிதா தலையில் குடுமி போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், யாரோ ஒரு பொம்பளையைப் பார்ப்பது மாதிரி முதலில் முகத்தைப் பார்த்து அப்புறம் கையைப் பார்த்தாள், வீரிட்டு அழுதுகொண்டே நங்கையா தோளில் முகத்தைப் புதைத்து "ம்மா" என்றாள்.

நங்கையா முகம் சுண்டிப்போனது. சுண்டினால் அவருக்குக் கோபமாகத்தான் வரும். "என்னை எதுக்குப் பாக்கற? நான் சொல்லிக் குடுத்தேனா? எனக்கு ரெண்டு பசங்களைப் பெத்து வளத்தது பத்தாதா? நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போறது ஒரு நாளு, எனக்கு இங்க மூணு நாளு ஓடுது. புள்ளை என்ன பண்ணும், கண்ணு முன்னால நிக்கறவளைத்தான் கூப்புடும். அந்த எண்ணெயை மாத்தித் தொலைக்கச் சொல்லு உன்ர புருசனை!"

தலை சுற்றல் வருவதற்கு முன்பே நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஈரத் துணியை ஒற்றி ஒற்றிப் பசையை இளக்கி, கிழியாமல் உரித்து, படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். தாள் அப்படியே இருந்தது. விரலை வைத்துப் படித்தேன், மறுபடியும் படித்தேன். எண்பது, டபிள்யூ, தொண்ணூறு, ஜி எல் அஞ்சு.

சரி, எப்படிச் சொல்வது? மேற்கே நின்றால் இழுக்கிறது, கிழக்கே போனால் வெட்கம். வண்டியைச் சுற்றி வந்தபோதுதான் தோன்றியது, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இந்தத் தெருவில் இருப்பது ஒரே இடம்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்து பின் சக்கரங்களுக்கு நடுவில், கிரவுனுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். அங்கே நாய் குரைப்பு நாய் குரைப்பாகவே கேட்டது, டீக்கடைப் பேச்சு பேச்சாகவே கேட்டது. அதைவிட, என் முகம் யாருக்கும் தெரியவில்லை. முகம் தெரியவில்லை என்றால் எனக்கும் பேச வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"எண்பது, தொண்ணூறு!" என்று கத்தினேன். "ஜி எல் அஞ்சு! கதவுல எழுதியிருக்குதுங்க, கண்ணு இருந்தாப் போய்ப் பாருங்க!"

டீக்கடை பெஞ்சு நகர்ந்தது. செருப்புகள் வந்து வண்டியைச் சுற்றி நின்றன.

"சதீசு" என்றார் சின்னப்பன் மாமா, குரலைத் தாழ்த்தி. "வண்டி பேசுதுடா."

"ஆமாங் மாமா" என்றான் சதீசு. "கிரவுனுக்குள்ள இருந்துதான் வருது."

எனக்கு வந்ததே ஆத்திரம். நாற்பது நாளாக ஒரு பொம்பளை சொன்னதைக் கேட்க அவர்களுக்குக் காது இல்லை, வண்டி பேசுகிறது என்றதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார்கள். வெளியே வந்து நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று முழங்காலை ஊன்றினேன். அப்புறம் நிவிதாவின் ரிப்பனை நினைத்தேன். வண்டி சொன்னால்தான் கேட்பார்கள் என்றால் வண்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மறுபடியும் உட்கார்ந்தேன்.

"அப்ப நாங்க ஊத்துன எண்ணெயி?" என்று சின்னப்பன் மாமா கேட்டார். அசாம் போன குரல் இல்லை அது, சின்னப் பிள்ளை குரல். "ஆசையா ஊத்துனது சாமி. வீணாப் போவுதே."

"வீணாப் போவாதுங் மாமா" என்றேன். "எறக்கி, ஊட்டுக்கு ஓர் உழக்கு பிரசாதமாத் திருப்பிக் குடுத்தறேன். கதவுக் கீலுக்கு விடுங்க. எல்லாரு எண்ணெயும் எல்லாரு ஊட்டுக்கும் வந்துரும்."

"என்னை மாமாங்குது" என்றார் அவர், அக்கம்பக்கம் பார்த்து. "ஏய், வண்டி என்னை மாமாங்குது!"

அதோடு முடிந்தது. யார் எண்ணெய் என்ற பேச்சே எழவில்லை. ஃபிட்டர் அருணகிரி போல்ட்டுத் திருகும் சாவியோடு அடியில் படுத்து ஊர்ந்து வந்தார், என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயில் இருந்த திருகாணியை எடுத்துவிட்டு, "நகந்துக்குங்க அம்மிணி, மேல கொட்டும்" என்று காதுக்கு மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் குனிந்த எங்கள் வீட்டுக்காரர் என் காலையும் மெட்டியையும் பார்த்தார், நிமிர்ந்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்" என்று கூட்டத்தை விலக்கினார். நல்ல மனுசன் என்று சொன்னேனே, அதை முழுசாக வாபஸ் வாங்க முடியாமல் இப்படி எதையாவது பண்ணிவிடுவார்.

அடி போல்ட்டைத் திறந்ததும் எண்ணெய் கறுப்பாக, நடுவில் வெள்ளிப் பொடி மினுங்க, பதினோரு வீட்டுப் பிடிவாதமும் ஒரே கயிறாகத் திரிந்து சட்டியில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகு கிரவுன் காலியாக இருந்த கால் மணி நேரமும் இரண்டு வரிசை வீடுகளிலும் எதுவும் நகரவில்லை, நங்கையா வீட்டு அடுப்பில் பொங்கின பால் பாத்திர விளிம்பிலேயே நின்றதாம், பிறகு சொன்னார்கள். புது எண்ணெய், எண்பது தொண்ணூறு, அழுகின பூண்டு மாதிரி நாற்றம், பக்கத்து ஓட்டை வழியாக, அதே ஓட்டையில் திரும்பி வழிகிற வரைக்கும் ஊற்றினார்கள். நான் எங்கள் பக்கமாக நழுவி வெளியே வந்தேன், எங்கள் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பும்போது தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. மேற்கு வரிசையில் ஒரு குக்கரும் கிழக்கு வரிசையில் ஒரு குக்கரும் ஒரே நேரத்தில் விசில் அடித்தன.

இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வண்டிக்கு அடியில் யாராவது குனிந்து சூடம் காட்டுகிறார்கள். போன வாரம் சின்னப்பன் மாமா ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணியா சிவப்புத் தண்ணியா என்று பின் சக்கரத்திடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இருந்தது. அதுவும் கதவில்தான் எழுதியிருக்கிறது.

அன்றைக்கு வண்டி போன பிறகு தெரு வெறிச்சென்று இருந்தது. நடுவில் ஒரு எண்ணெய்க் கறை. இந்தப் பக்கம் நான், முழங்கை வரைக்கும் கறுப்பு. அந்தப் பக்கம் நங்கையா, இடுப்பில் நிவிதா. நங்கையா என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் குனிந்து அவளைக் கீழே இறக்கி என் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

தவழ்கிற பிள்ளையாகக் கொடுத்தேன். அவள் நின்றாள். கையை விரித்துக்கொண்டு, கீச்சு கீச்சென்று சத்தம் போடுகிற செருப்போடு, ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். கறைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று அதை உற்றுப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வந்தாள். என் முழங்காலைப் பிடித்தாள், கையை முகர்ந்தாள், நாற்றத்துக்கு மூக்கைச் சுருக்கினாள், ஆனால் அழவில்லை.

"பாத்தியா கலாமணி!" என்று எதிரே இருந்து நங்கையா கத்தினார், இழுக்காமல், கொக்கரிக்காமல், ஒவ்வொரு சொல்லும் சொல்லாகவே வந்தது. "இன்னைக்குத்தான் நடக்கறா! இதுதான் மொதல் நடை! உன்கிட்டத்தான் வந்திருக்கறா பாரு!"

நான் பிள்ளையைத் தூக்கினேன். அவள் செருப்பு என் வயிற்றில் இடித்தது. இடது செருப்பின் அடிப்பாகம் குதிகால் பக்கம் தேய்ந்து, பூப்போட்ட ரப்பர் போய், உள்ளே இருந்த வெள்ளை தெரிந்தது.

"ஆமாங் நங்கையா" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "இப்பத்தான் நடக்கறா."